முறிந்த போல்ட்: உலோகத்தின் பிடிவாதமும் மனத்தின் பிடிவாதமும்

மோட்டார் சைக்கிளின் சைலன்சர் பைப்பை சிலிண்டர் ஹெட்டோடு இறுக்கிவைக்கும் ஸ்டட் என்ற தலையில்லாத போல்ட் முறிந்துபோவது பட்டறைகளில் பழகிப்போன சங்கடம். பெரும்பாலும் அது 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகு. அது உட்கார்ந்திருக்கும் மரையோ அலுமினியத்தில் வெட்டியது. இரண்டு உலோகங்களும் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் அரிக்கும். அரித்து உண்டாகும் ஆக்சைடு கூடுதல் இடம் கேட்டு மரையின் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் ஸ்பேனர் போட்டுத் திருப்பும்போது மரை அசையாமல் இருக்க, ஸ்டட்டின் கழுத்து முறுகி அறுந்துவிடுகிறது. அறுவதற்கு முந்தைய நொடி கைக்குத் தெரியும்: கெட்டியாக நின்ற பிடி சட்டென்று குழைந்து கொடுக்கும். கழன்று வருகிறது என்று அதைத் தவறாக எண்ணுவது எளிது. உண்மையில் எஃகு தன் எல்லையைக் கடந்துகொண்டிருக்கிறது.

அதுவரை அந்த ஸ்டட் யார் நினைவிலும் இருந்ததில்லை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியான ‘இருத்தலும் காலமும்’ நூலில் சுத்தியலை வைத்து இதை விளக்கினார். ஒழுங்காக வேலை செய்யும் கருவி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. கெட்டுப்போகும்போதுதான் ஒரு பொருளாக எதிரே வந்து நிற்கிறது. அப்படி நிற்கும்போது பழைய கேள்வி ஒன்றும் கூடவே வருகிறது. மனிதனின் விருப்பத்துக்கு உலகம் இணங்க மறுத்தால் குறை பலத்திலா, அறிவிலா? கோபத்துக்கு இதில் சந்தேகமே இல்லை. இன்னும் நீளமான ஸ்பேனர், இன்னும் ஓங்கிய அடி என்று கையை அது இழுத்துச் செல்கிறது.

இந்தக் கேள்வியை மெக்கானிக்கின் கைக்கே கொண்டுவந்தவர் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் படித்தவர் அவர். 1968இல் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மின்னசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை வண்டியோட்டிய பயணத்திலிருந்து பிறந்தது ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’. 121 பதிப்பகங்கள் மறுத்த பிறகு 1974இல் அது வெளிவந்தது. தலை மழுங்கிக் கழல மறுக்கும் ஒரு திருகைப் பற்றி அதில் நெடுக ஆராய்கிறார். அந்தத் திருகு வராமல் வண்டி எதற்கும் உதவாது என்பதால், சில காசு பெறாத அதன் மதிப்பு அப்போது முழு வண்டியின் விலைக்குச் சமமாகிவிடுகிறது. கற்றுவைத்த வழிகள் எல்லாம் தீர்ந்துபோன அந்த நிலையை பிர்சிக் வரவேற்கிறார். புதிதாகப் பார்க்க மனம் அப்போதுதான் தயாராகிறது என்பது அவர் வாதம். அதைத் தடுப்பது முன்முடிவின் இறுக்கம். அதற்கு அவர் காட்டும் உதாரணம் தென்னிந்தியக் குரங்குப் பொறி. தேங்காய்க்குள் அரிசி இருக்கிறது. வெறும் கை நுழையும் துளையில் அரிசியை மூடிய கை வெளியே வராது. குரங்கைப் பிடித்துவைத்திருப்பது அதன் சொந்தப் பிடிதான்.

முறிந்த ஸ்டட்டை எடுக்கும் முறையே இந்த வாதத்துக்கு வலுவான சான்று. முதல் வேலை காத்திருப்பது: ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும், நடுநடுவே மெல்லத் தட்டிக்கொடுக்க வேண்டும். அடுத்தது சூடு. ஒரே வெப்பத்தில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், ஹெட்டைச் சூடாக்கினால் துளை ஸ்டட்டைவிட அதிகமாக அகன்று பிடி தளர்கிறது. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் செய்து திருப்பலாம். மட்டமாக முறிந்திருந்தால் துளை போடுவதுதான் வழி. சென்டர் பஞ்ச் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ட்ரில் பிட் மென்மையான அலுமினியத்தின் பக்கம் சரிந்து மரையைத் தின்றுவிடும். அந்தத் துளையில் செருகித் துண்டைத் திருப்பி எடுக்கும் ஈஸி அவுட் என்ற கருவி பெயருக்கு ஏற்ப எளிதாகத் தோன்றும். ஆனால் அது கடினமாக்கிய எஃகு, வளையாது, உடையும். துளைக்குள்ளேயே அது உடைந்துவிட்டால் சாதாரண ட்ரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. பிறகு மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரம் உள்ள இடத்தைத் தேடிப் போக வேண்டியதுதான்.

இந்த இடத்தில் பகவத் கீதையின் 18ஆம் அத்தியாயம் வியக்கத்தக்க துல்லியத்தோடு பொருந்துகிறது. விளைவையும் இழப்பையும் பிறருக்கு வரும் தீங்கையும் தன் திறனின் அளவையும் பார்க்காமல், மயக்கத்தால் தொடங்கும் செயலை அது தாமசம் என்கிறது. அகங்காரத்தோடும் பெரும் பிரயாசையோடும் செய்வது ராஜசம். உடையும் ஈஸி அவுட்டில் இரண்டும் கலந்திருக்கின்றன. பலனில் பற்றில்லாமல் செய் என்ற கீதையின் உபதேசத்தைப் பலனைப் பற்றிய அலட்சியமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரிய பிழை. மரை கெடாமல் ஸ்டட் வெளியே வர வேண்டும் என்பதில் மெக்கானிக்குக் கவலை இருந்தே ஆக வேண்டும். அவர் விட வேண்டியது, அது இப்போதே, தான் நினைத்த வழியிலேயே வர வேண்டும் என்ற பிடியை. ஐரிஷ் மெய்யியலாளர் ஐரிஸ் மர்டாக் 1970இல் ‘நன்மையின் இறைமை’ நூலில், தனக்கு வெளியே உள்ள ஒன்றைப் பொறுமையோடு உற்றுக் கவனிப்பதே அறத்தின் அடிப்படைப் பயிற்சி என்று வாதிட்டார். அவர் சொன்ன கவனத்துக்கு முறிந்த ஸ்டட் கடுமையான ஆசிரியர். கெஞ்சலுக்கோ மிரட்டலுக்கோ அது மசியாது.

பிர்சிக்கின் நூலில் அக்கறையில்லாத மெக்கானிக்குகள் கடுமையாகச் சாடப்படுகிறார்கள். அந்தச் சாடலில் பாதி நியாயம்தான் இருக்கிறது. அவர் தன் வண்டியைத் தானே கவனித்தார். கெடு வைக்க ஆள் இல்லை. கூலிக்கு உழைப்பவரின் பொறுமை அவர் கையில் மட்டும் இல்லை. எண்ணெய் ஊறும் இரவுக்கு யாரும் காசு தருவதில்லை. மாலைக்குள் வண்டி வேண்டும் என்று நெருக்கும் உரிமையாளரும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு வைக்கும் முதலாளியும் அந்தக் கவனத்தைக் குறைப்பதில் பங்காளிகள்.

ஸ்டட் வந்த பிறகும் பொறுப்பு ஒன்று மிஞ்சுகிறது. மரை சிதைந்திருந்தால் துளையைப் பெரிதாக்கி, டேப் என்ற கருவியால் புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற எஃகுக் கம்பிச்சுருளைப் பொருத்துகிறார்கள். புதிய ஸ்டட்டின் மரையில், வெப்பம் தாங்கும் செம்புப் பசையைத் தடவினால் அடுத்த முறை பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அடுத்த முறை அதைக் கழற்றப்போகிறவர் யாரென்று இன்று தெரியாது. இந்த உழைப்பு அவருக்கானது. பசை உராய்வைக் குறைப்பதால், காய்ந்த மரைக்கெனக் கையேட்டில் தந்திருக்கும் முறுக்கு அளவைச் சற்றுக் குறைத்தே இறுக்க வேண்டும்.