படம் எவருடையது?

பழம்படம் ஒன்றை விலை கொடுத்து வாங்கியவர், அதனுள் அடங்கிய வரலாற்றையும் வாங்கியவர் ஆவாரா? அன்பர்காள்! இவ்வினா சிறிதெனினும் இதன் பயன் பெரிது.

அமராவதித் தூபத்தின் சிற்பக் கற்களை எடுத்துக்கொள்வோம். 1845ஆம் ஆண்டில் வால்டர் எலியட் என்பார் அகழ்ந்தெடுத்த அக்கற்கள் சென்னைக்குக் கொணரப்பட்டு, பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1858இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் அவற்றைப் படமெடுத்தார். மறு ஆண்டே கற்கள் கப்பலேறி லண்டன் சென்றன. அங்கும் சில காலம் வண்டிக் கொட்டகையில் கிடந்து, 1880இல் பிரிட்டிஷ் மியூசியத்தை அடைந்தன. கடல் கடக்குமுன் அவை எந்நிலையில் இருந்தன என்பதற்கு அப்படங்களன்றோ சாட்சி! அவை ஒருவருடைய பெட்டிக்குள் பூட்டப்பட்டிருப்பின் அச்சாட்சி வாய்திறவாது போயிருக்கும்.

இதனால், தனியார் திரட்டுவதே தீதென்று நாம் கூறோம். அலுவலகங்கள் குப்பையென எறிந்ததைக் காத்தவர் பலர் தனி மனிதரே. பொது நிலையங்களிலும் கறையான் உண்டு. நாடக அறிஞர் இப்ராகிம் அல்காசி திரட்டிய பழம்படங்கள் இன்று டில்லியில் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றன. திரட்டு அங்கே தானமாயிற்று.

குற்றம் திரட்டுவதில் இல்லை. மறைப்பதிலும் சிதைப்பதிலுமே உள்ளது. ஆல்பத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்பவர், எடுத்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் அழித்துவிடுகிறார். சீட்டுக் கிழிந்த துணிக்கட்டு, எந்நூல், எவ்வளவு நீளம் என்று அறியப்படாமல் ஆலையின் மூலையில் கிடப்பதை நாம் பல்லாண்டு கண்டுள்ளோம். படமும் அத்தகையதே. அழகு எஞ்சும், சான்று போய்விடும்.

பகவன் ஐவகை உலோபத்தைக் கடிந்தார். உறைவிடம், குலம், ஊதியம், புகழ் ஆகியவற்றோடு தம்மத்தையும் பிறர்க்கு ஈயாமை ஐந்தாவது. அறிவை ஒளித்தலும் உலோபமே என்பது இதனால் பெறப்படும்.

“யாவும் அநித்தியமாயின் படத்தைக் காப்பதேன்?” எனச் சிலர் வினவுவர். தாள் அழிவது உறுதி. ஆதலாலன்றோ அது அழியுமுன் அதன் செய்தியைப் பிறரிடம் சேர்த்தல் வேண்டும்! பற்றறுத்தல் வேறு, பாராமுகம் வேறு.

நம் இல்லங்களையே நோக்குவோம். சங்கத்து மூத்தோர் வரிசையாய் நிற்கும் படங்கள் சுவரில் தொங்குகின்றன. நம்மவர் வரலாற்றைப் பிறர் எழுதி வைத்தது சிறிதே. படத்தில் நிற்பவர் இன்னாரெனச் சொல்லவல்ல பாட்டியார் இன்று உள்ளார், நாளை இரார். ஆகவே அவரைக் கேட்டு, இடமிருந்து வலமாகப் பெயர்களையும், ஊரையும், ஆண்டையும் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுக. பசையிட்டு ஒட்டற்க. நகலெடுக்க வருவோர்க்கு இசைக. தமக்குப்பின் அது சேரவேண்டிய இடத்தையும் எழுதி வைக்குக.

தாள் வாங்கியவருடையது, சாட்சியோ இனி வருவோருடையது. அதுவரை நாம் காவலரேயன்றி உரிமையாளர் அல்லோம்.