முசுறின் பிடி



குமாரகோவில் கும்பிட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். "வீட்டை வித்துட்டு என்கூட பெங்களூர் வாங்கப்பா, இந்த வயசுல இவ்வளவு பற்று எதுக்கு?"ன்னு கேட்டுட்டேன். அப்பா பதில் சொல்லலை. முற்றத்து மாமூட்டைப் பார்த்துட்டே இருந்தாரு. அங்க முசுறுக் கூடு.

வேளிமலைக்கு வள்ளியைத் தேடி வந்த சாமியைக் கும்பிட்டுட்டு வந்து, பற்று தப்புன்னு பேசுறேன் பாருங்க!

முசுறு காலில் நகம் இருக்கு, சொரசொரப்பான பட்டையில கொளுவிக்க. வழுவழு மாவிலைக்கு நகம் உதவாது. அதுக்கு நகங்களுக்கு நடுவுல ஈரப்பசையுள்ள சின்னத் திண்டு. காலை உடம்புப் பக்கம் இழுத்தா திண்டு விரிஞ்சு ஒட்டும், தள்ளினா மடங்கி விட்டுடும். கண்ணாடியில தலைகீழா தொங்கிட்டே தன் எடையைப்போல 100 மடங்கு தாங்கும். ஆனா சும்மா நடக்கும்போது திண்டுல கொஞ்சம்தான் ஒட்டும். பாரம் இழுக்கும்போதுதான் முழுசா விரியும்.

அப்போ அப்பாவோட பிடி இறுகினது நான் இழுத்ததாலயா? எனக்குப் பற்று இல்லைன்னு நினைச்சேனே, அது பக்குவமா, இல்ல என்னை எந்தப் பாரமும் இழுக்காததாலயா?

"கூட்டைக் கலைச்சிரட்டுமாப்பா?"

"கெடக்கட்டும் மக்களே."

வீட்டுப் பேச்சை நான் அப்புறம் எடுக்கலை.