இடுதுளை: இறந்தோர்க்கு விட்ட வழி

பாக் நீரிணைக் கரையில் அமைந்த கட்டுமாவடியில் மணலும் உவர்நிலமும் அன்றிப் பாறை இல்லை. அங்கிருந்து மேற்கே திருமயம், சித்தன்னவாசல் என்று செல்லச் செல்லவே கருங்கற்குன்றுகள் தலைகாட்டுகின்றன. பெருங்கற்காலம் என வழங்கும் இரும்புக்காலத்து ஈமச்சின்னங்களும் அக்குன்றுகளின் அடிவாரத்தில்தான் மிகுந்து கிடக்கின்றன. கல் அரிதான வண்டல் நிலங்களில் முதுமக்கள் தாழி என்னும் பெரிய மட்கலம் இறந்தோரின் எலும்புகளை ஏற்றது. கல் மலிந்த இடங்களில் கற்பதுக்கை எழுந்தது.

கற்பதுக்கை என்பது, நிலத்தைத் தோண்டி, நான்கு பலகைக்கற்களை ஒன்றையொன்று தாங்குமாறு செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றிய அறை. அதன்மேல் கற்குவையும் அதைச் சுற்றிக் கல்வட்டமும் அமைவதுண்டு. உள்ளே எலும்புகளோடு இரும்புக் கருவிகளும் கருப்பு சிவப்பு மட்கலங்களும் வைக்கப்பட்டன. இவ்வறையின் பக்கக்கல் ஒன்றில், பல இடங்களில் கிழக்குப் பக்கத்தில், ஆய்வாளர் இடுதுளை எனக் குறிக்கும் வட்டமான துளை குடையப்பட்டிருக்கும். கருங்கல்லில் அத்தகைய துளையிடுவது எளிய வேலையன்று. மூடுவதற்கென்றே கட்டிய அறையில் அவ்வளவு பாடுபட்டு ஒரு வழியை ஏன் விட்டனர்?

பின்னர் இறந்தவர்களின் எலும்புகளை உள்ளே இடுவதற்கும் படையல் வைப்பதற்கும் என்பது வழக்கமான விடை. ஒரே பதுக்கையில் பலருடைய எலும்புகள் கிடைப்பதால் அவ்விடை பொருந்துகிறது; எனினும் அதை வெறும் பயன்பாட்டு விளக்கமாகக் கொள்வது பிழை. இறந்தவரிடம் மீண்டும் செல்லலாம், அவருக்கு ஒன்றைக் கொடுக்கலாம் என்று கருதுவதே ஒரு சமய நம்பிக்கைதான். ஆனால் பிற்காலச் சித்தாந்த நூல்கள் வரையறுத்த ஆன்மா, மறுபிறப்பு என்னும் சொற்களை, தம் நம்பிக்கையை எழுதி வைக்காத அம்மக்கள் மீது ஏற்றுவது முறையாகாது. அத்துளை சொல்வது அதைவிட எளியது: இறப்பினால் உறவு அறுந்துவிடுவதில்லை. 

இறப்புக்குப் பின் உடலோடும் உடைமையோடும் உள்ள உறவு என்னவாகும் என்னும் கேள்விக்குச் சித்தன்னவாசலில் வேறொரு விடையும் கல்லிலேயே உள்ளது. அடிவாரத்தில் இறந்தோர்க்குக் கலங்களோடு கூடிய வீடுகள்; மலைமேல் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில், கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கணிக்கப்படும் தமிழ்பிராமி எழுத்துடன் சமணத் துறவியரின் கற்படுக்கைகள். தலைப்பக்கம் சற்றே உயர்த்திச் செதுக்கிய அப்படுக்கைகளில் எந்தப் பொருளுக்கும் இடமில்லை. உடலையும் உடைமையையும் உயிர் கழற்றிவிட வேண்டும் என்பது சமணம். அவற்றோடேயே இறந்தவரைப் பேணியவர்கள் கீழே வாழ்ந்தோர். மணிமேகலைக் காப்பியம் சக்கரவாளக் கோட்டம் என்னும் ஈமக்காட்டைப் பற்றிக் கூறுமிடத்து எரித்தல், தாழியிற் கவித்தல் முதலான ஐவகை முறைகளை அருகருகே காட்டுவதை எண்ணினால், தமிழ்நிலம் இவற்றுள் ஒன்றை மட்டும் மெய்யென்று கொள்ளவில்லை என்பது தெளிவாகும்.

இறந்தவருக்கு ஒன்றைக் கொடுக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது: தமிழ்நாட்டில் பல சமூகத்தார் இறந்தவருக்கெனச் சிறு கல்லை ஊன்றி, நீர் வார்த்து, சோறு படைத்து, கருமாதியன்று அதை எடுத்து ஆற்றிலோ குளத்திலோ கடலிலோ விடுகின்றனர்.