வழி சொல்வதும் முருகன் தொண்டே!

ஓம் சரவணபவ!



நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை நமக்கெல்லாம் தெரியும். 'ஆற்றுப்படை' என்றால் என்ன? பரிசு பெற்று வருகிறவன், எதிரே வறுமையோடு வருகிறவனிடம், "நான் இன்னாரிடம் பெற்றேன், நீயும் போ" என்று வழி சொல்வது. இங்கே வழி முருகனிடம் போகிறது.

நம்ம தண்டையார்பேட்டையில கிருத்திகைக்கு அன்னதானம் பண்றோம், சந்தோஷம். மறுநாள் பசிக்கு? அம்மா உணவகத்துல 2013லேர்ந்து இட்லி 1 ரூபாய்தான். கஷ்டத்துல இருக்கிற பெண்ணுக்கு 181, குழந்தைக்கு 1098, தனியா இருக்கிற பெரியவங்களுக்கு 14567. உதவி இருக்கு. தெரியாமலோ கூச்சப்பட்டோ உள்ளுக்குள்ளேயே அழறவங்களும் இருக்காங்க.

அப்பா போனப்ப எங்க அம்மாவும் அப்படித்தான் இருந்தாங்க. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சிதான் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்து, ஆபீஸ் வரிசையில கூடவே நின்னார். ஒருநாள் கடையைப் பூட்டிட்டு வந்தார். அவர் காசு எதுவும் தரல. ஆனா அந்தப் பணத்துலதான் எங்க வீட்டுல அரிசி வாங்கினோம்.

பெற்றவன்தான் வழி சொல்லணும். அதனால சொல்றேன். நம்பரை ஃபார்வர்டு பண்ணிட்டா மட்டும் போதாது, கூடப் போங்க. முருகனை வழித்துணைன்னு கும்பிடுறோம். இந்தக் கிருத்திகைக்குள்ள ஒரே ஒருத்தருக்காவது நாம வழித்துணையா போவோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!