பழசாக்கிய ரொட்டி

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை நன்றி கூறும் பண்டிகை. அன்றைய விருந்தில் வான்கோழிதான் பிரதானம் என்பார்கள். என்னைக் கேட்டால், அதன் வயிற்றில் அடைக்கும் ரொட்டிப் பூரணத்துக்குத்தான் அந்த இடத்தைக் கொடுப்பேன். வான்கோழிக்கென்று தனியாக என்ன ருசி இருக்கிறது?

செய்வது சிரமமில்லை. வெண்ணெயில் வெங்காயத்தையும் செலரித் தண்டையும் வதக்கி, ஸேஜ் இலை, மிளகு, உப்பு சேர்த்து, ரொட்டித் துண்டுகளோடு கலந்து, கோழி வெந்த சாற்றையும் ஒரு முட்டையையும் விட்டுப் பிசறினால் ஆயிற்று. தென் மாநிலத்துக்காரர்கள் சோள ரொட்டியில் செய்து, தனித் தட்டிலேயே சுட்டெடுத்து, 'டிரெஸ்ஸிங்' என்று வேறு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

ரொட்டி மட்டும் பழையதாக இருக்க வேண்டும். புது ரொட்டி சாறு பட்டதும் களியாகிவிடும். மீந்ததை வீணாக்காத பாட்டிமார்களின் சிக்கனம் இது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் ரொட்டி மீந்து போகட்டும் என்று இன்று யார் காத்திருக்கிறார்கள்? செவ்வாய்க்கிழமை புது ரொட்டி வாங்கி, துண்டு போட்டு, ஓவனில் இளஞ்சூட்டில் வைத்துப் பழசாக்குகிறார்கள். போன வாரத்து ரொட்டியின் ஓரத் துண்டுகள் அதே வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். இல்லாதவளுடைய வழக்கத்தை இருக்கிறவன் காசு கொடுத்து வாங்கி நடிக்கிறான். இது சிக்கனமா, வேஷமா?

வேஷம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பாட்டியையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் அல்லவா? அமெரிக்கர் எழுதிய முதல் சமையல் புத்தகமாகக் கருதப்படுவது, அமேலியா சிம்மன்ஸ் 1796-ல் வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி'. வான்கோழிக்குள் அடைக்க அதில் சொல்லியிருப்பது ஒரு பவுண்டு மெத்தென்ற கோதுமை ரொட்டி. கூடவே மாட்டுக் கொழுப்பு, மூன்று முட்டை. மீந்தது என்ற பேச்சே இல்லை. சாரா ஜோசபா ஹேல் 1827-ல் எழுதிய 'நார்த்வுட்' நாவலிலும் பூரணத்தின் மணம் செழிப்பின் மணமாகத்தான் மேஜையில் வீசுகிறது. (பண்டிகையைத் தேசம் முழுவதும் கொண்டாடச் சொல்லி 1863-ல் லிங்கனுக்குக் கடிதம் எழுதியவரும் இந்த அம்மாள்தான். அவரும் அந்த வருஷமே பிரகடனம் செய்துவிட்டார். நாவலாசிரியர் சொல்லி ஒரு ஜனாதிபதி கேட்பது அபூர்வம்!) மீந்ததைச் சேர்த்து வைத்த பாட்டிகளும் இருந்திருப்பார்கள். ஆனால் எல்லாப் பாட்டிகளையும் ஏழையாக்கியது பேரப்பிள்ளைகளின் கற்பனை.

இன்னொரு சங்கடம். ரொட்டி பழசாவது வேறு, காய்வது வேறு. நாள்பட்டால் மாவுச்சத்து இறுகுகிறது. ஈரம் போகாமலே ரொட்டி விறைத்துவிடும், சூடு பட்டால் மறுபடி இளகும். ஓவன் செய்வது ஈரத்தை விரட்டும் வேலை. அப்படிக் காய்ந்த துண்டுதான் சாற்றை நன்றாகக் குடிக்கிறது. ஆக, பழசாக நடிக்கும் ரொட்டி அசல் பழசைவிட ருசியான பூரணம் தருகிறது. ஒழுக்கம் பேச வந்தவனுக்கு இது பெரிய இடைஞ்சல்தான்.

1972-ல் ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனி 'ஸ்டவ் டாப்' என்று அட்டைப் பெட்டியில் அடைத்தே விற்க ஆரம்பித்தது. வெந்நீரும் வெண்ணெயும் இருந்தால் சில நிமிஷங்களில் பூரணம் தயார். பாட்டி பெயரை இழுக்காமல், அவசரம் என்று ஒப்புக்கொள்ளும் பெட்டி அது. அந்த நேர்மைக்காக அதை மதிக்கிறேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ரொட்டி காய வைத்த வீட்டுக்குத்தான் போவேன். வரப்போகிறவர்களை நினைத்து ஒரு பொழுதைச் செலவழித்திருக்கிறார்கள். அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்காமல் இருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

அவர்களுடைய சிக்கனத்தைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை காலையில் போக வேண்டும். விருந்தாளிகள் போய்விட்டார்கள். எலும்புகள் சூப்புக்குக் கொதிக்கின்றனவா, மீந்த பூரணத்தை யாராவது வாணலியில் முறுகலாக வறுத்து மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றுகிறார்களா, அல்லது எல்லாம் ஒரு பையில் கட்டி வாசலில் கிடக்கிறதா என்று பார்க்கலாம்.