பாழ்மனையும் பாவனையும்

சதுரங்கப் பலகையில் நிலம் இல்லை. யானையும் குதிரையும் தேரும் காலாளும் மோதுகின்றன; அவை மோதும் இடத்தில் ஆறில்லை, மரமில்லை, ஊரில்லை. அறுபத்துநான்கு வெறுங்கட்டங்களே உள. பாரத நாட்டிலிருந்து பாரசீகம் வழியே அரபகம் சென்று 'ஷத்ரஞ்ச்' எனப் பெயர் பெற்ற இவ்விளையாட்டைக் குறித்து மார்க்கச் சட்ட மேதைகள் நீளமாக வாதிட்டுள்ளனர். சூதின்றியும் தொழுகையை மறக்கடிக்காமலும் ஆடப்படுமாயின் அது மக்ரூஹ் என்ற அளவில் நிற்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. ஏனைய மத்ஹபினர் பலர் அதனினும் கடுமை காட்டினர். நாம் ஓதிய கிதாபுகளில் இவ்விவாதம் நடக்கும் இடங்களில் போர்க்களத்து ஊரைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. எவ்வாறு எழும்? பலகையில்தான் ஊர் இல்லையே!

போர் விளையாட்டுக்குள் நிலம் நுழைந்தது மிகப் பிற்காலத்தில்தான். 1812ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்யப் பிரபு தம் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியத்துக்கு ஒரு மேசை செய்து அளித்தார். மேட்டையும் பள்ளத்தையும் ஆற்றையும் சாலையையும் சிற்றூரையும் சுண்ணச்சாந்துத் துண்டுகளில் வடித்து, வண்ணம் தீட்டி, வேண்டியவாறு மாற்றி அடுக்க அமைத்த மேசை அது. 1824இல் அவர் மகன் அதை வரைபடத்தின் மேல் ஆடும் படைப்பயிற்சியாக்கினார். பின்னர் 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூலை வெளியிட்டார். செவ்வாய்க் கோளத்தார் பூமியின்மீது படையெடுத்து வரும் புனைகதையை 1898இல் நூலாக்கிய அதே வெல்ஸ்தான்! மரக்கட்டை வீடுகள், சுள்ளி மரங்கள், பொம்மைச் சிப்பாய்கள், வில்விசைப் பீரங்கி ஆகியவற்றைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் ஆட்டம் அது. இச்சிறு போரை ஆடிப் பார்ப்பவனுக்குப் பெரும்போர் எத்துணை மடமை என்பது விளங்கிவிடும் என அவர் நம்பினார். மறு ஆண்டே உலகப் பெரும்போர் மூண்டது.

அவ்வழியில் வந்ததே, இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட 'வார்ஹாமர் 40,000'. இன்னும் ஏறத்தாழ முப்பத்தெட்டாயிரம் ஆண்டுகள் கழித்து விண்வெளியெங்கும் ஓயாத போர் நிகழ்வதாகக் கற்பனை. விரலளவுச் சிப்பாய்களை மேசைமீது நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி ஆடுகின்றனர். அம்மேசையின்மீது ஊர் உண்டு. ஆயின் பெரும்பாலும் இடிந்த ஊர். இடிபாட்டு நகரில் நிகழும் சண்டைக்கென்றே 2006இல் தனி விதிநூலொன்றும் வெளிவந்தது.

இதனை நான் அறிந்தது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவரால். மின்பொருட் பெட்டிகளில் பொதிந்து வரும் தெர்மாகோலை அறுத்துச் சுவராக்குகிறார். புட்டியிலிருந்து பீய்ச்சும் வண்ணம் பட்டால் தெர்மாகோல் உருகிவிடுமாம். ஆதலின் ஃபெவிகாலும் கறுப்பு வண்ணமும் கலந்து முதலில் தூரிகையால் பூசுகிறார். அதன்மேல் சாம்பல் நிறம். தூரிகையைத் துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் சுவர்மீது இழுத்தால், விளிம்புகள் மட்டும் வெளுத்து வெயில் பட்டாற்போல் தோன்றும். பின்னர் நீர்த்த பழுப்பு நிறத்தை ஓடவிட்டால் அது வெடிப்புகளில் தங்கிப் பல்லாண்டு அழுக்காகிவிடுகிறது. பஞ்சுத்துண்டால் ஆங்காங்கே ஒற்றினால் இரும்புத்துரு! நூறாண்டு மழை செய்கிற வேலையை ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கும் அந்தக் கைவண்ணத்தை நான் மனமாரப் பாராட்டினேன்.

"ஹஸ்ரத், இது கூடுமா?" என்று அவர் கேட்டார்.

சட்டத்தளவில் விடை கடினமன்று. உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. சிப்பாய் உருவங்களைப் பற்றிய பேச்சு வேறு. சுவரும் தூணும் உயிரற்றவை. இல்லாத உலகைக் கற்பனை செய்வது பற்றியும் தயங்க வேண்டியதில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே துணியாலான இறக்கைகளுடன் ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்க, நாயகம் (ஸல்) வாய்விட்டுச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் பதிவு செய்துள்ளார்.

திமிஷ்கு நகரின் உமைய்யாப் பெரும்பள்ளியை எண்ணிப் பாருங்கள். கி.பி. 715இல் முடிவுற்ற அப்பள்ளியின் சுவர்களில் வண்ணச் சில்லுகளால் ஆறும் மரங்களும் மாட வீடுகளும் இழைக்கப்பட்டுள்ளன. மனித உருவமோ விலங்குருவமோ இல்லை. அது சுவர்க்கத்தின் காட்சி என்பாரும் உளர். ஆளில்லாத அவ்வீடுகள் நம்மை அச்சுறுத்துவதில்லை. எவரோ வந்து குடியேறப்போகிறார்கள் என்றே தோன்றுகிறது. என் மாணவர் செய்த வீட்டிலும் ஆளில்லை. அதைக் கண்டபோது அவ்வாறு தோன்றவில்லை. இரண்டும் உயிரற்ற பொருள்களே; இரண்டும் ஆகுமானவையே. எனினும் ஒன்றில் உயிர் இன்னும் வரவில்லை, மற்றொன்றிலிருந்து உயிர் போய்விட்டது. இந்த வேற்றுமைக்கு ஃபிக்ஹில் தனிப் பாடம் கிடையாது.

"இதில் அடுக்களை எது, தம்பி?" என்றேன்.

அவர் சிரித்தார். "ஆட்டத்தில் அடுக்களைக்கு விதி ஏதும் இல்லை, ஹஸ்ரத். சுவர் எத்தனை அங்குலம், அதன் பின்னே சிப்பாய் மறைவானா என்பதுதான் கணக்கு."

ஜாஹிலிய்யாக் காலத்து அரபுக் கவிஞர்கள் தம் பெரும்பாடல்களை, குடிபெயர்ந்தோர் விட்டுச்சென்ற பாழிடத்தில் நின்று அழுவதில் தொடங்குவது வழக்கம். இம்ரஉல் கைஸும் ஸுஹைரும் அவ்வாறே தொடங்கினர். ஸுஹைர் அங்கே எதைக் கண்டு இடத்தை அடையாளம் தெரிந்துகொள்கிறார்? கரிபடிந்த அடுப்புக் கற்களை! 'அஸாஃபீ' என்பது அதற்குரிய சொல். நம்மூர் முக்கல் அடுப்பேதான். தமிழ் மரபும் இதற்குப் பின்தங்கியதன்று. பகைவர் ஊரில் கழுதை ஏர் பூட்டி உழுததைப் புகழும் புறநானூற்றிலேயே கொற்றவள்ளை என்னும் துறைப் பாடல்களும் உள்ளன. வென்றவனின் புகழைப் பாடும் அதே வாயால் தோற்றவனின் நாடு அழிந்ததற்கு இரங்கும் துறை அது. பரிசிலுக்குப் பாடிய புலவனே அந்த இரக்கத்தை விட்டுவிடவில்லை.

அடுப்பை வைத்துவிட்டால் போதும் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. 1943இல் அமெரிக்க இராணுவம் யூட்டா பாலைவனத்தில் டக்வே என்னுமிடத்தில் ஜெர்மானிய வீடுகளையும் ஜப்பானிய வீடுகளையும் முழு அளவில் கட்டியது. ஜெர்மனியிலிருந்து வெளியேறிய எரிக் மெண்டல்சோன், ஜப்பானில் நெடுங்காலம் வாழ்ந்த அந்தோனின் ரேமண்ட் ஆகிய பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் அதில் துணைநின்றனர். மேசை நாற்காலிகளும், தரையில் விரிக்கும் தத்தாமி பாய்களும்கூட அசலை ஒத்து அமைந்தன. எதற்காக? எந்தக் குண்டு எவ்வளவு விரைவாக அவற்றைக் கொளுத்தும் என அறிவதற்காக. எரித்தார்கள், மீண்டும் கட்டினார்கள், மீண்டும் எரித்தார்கள். 1945 மார்ச்சில் டோக்கியோ எரிந்தது. அவர்கள் பாயை அறியாதவர்கள் அல்லர். பாயில் படுப்பவரையும் அறிந்தே இருந்தனர். ஆகவே நுணுக்கம் என்பது வேறு, இரக்கம் என்பது வேறு. நிய்யத்தைத் தெர்மாகோலில் செதுக்க இயலாது.

மாணவர் விடவில்லை. "ஆவடியில் மெய்யான டாங்கியே செய்கிறார்கள். அவர்களிடம் கேட்காத கேள்வியை, அட்டையும் பசையுமாக விளையாடும் என்னிடம் கேட்கலாமா?" என்றார்.

நியாயமான கேள்வி. 1961இல் அமைந்த ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா வெளிவந்தது. அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் எனப் பின்னரும் தொடர்ந்தன. நாட்டின் காவல் அவசியத்தின்பாற்பட்டது. அதை விளையாட்டென்று எவரும் சொல்லார். அவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பல உண்பது அத்தொழிலின் ஊதியத்தால். ஆயினும் மெய்யான போருக்கு வீட்டைப் பற்றிய விதி உண்டு. ஷாம் நோக்கிப் படை அனுப்பிய கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், கனிமரத்தை வெட்டலாகாது, குடியிருப்பைப் பாழாக்கலாகாது எனத் தளபதிக்குக் கட்டளையிட்டதை இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் எழுதி வைத்தார்கள். அவ்விதி மீறப்படுவதை நாளேடுகளில் காண்கிறோம் என்பது உண்மை. மீறப்படுகிறது என்று சொல்வதற்காவது ஒரு விதி இருக்கிறது. மேசைப் போரில் வீட்டைப் பற்றி இருக்கும் ஒரே விதி அது எவ்வளவு மறைக்கும் என்பதே. பல மாலைகள் அதே மேசையருகே குனிந்து நிற்கும் கண், நாளேட்டில் வரும் இடிந்த சுவரையும் அதே கணக்கோடு பார்க்கப் பழகிவிடுமோ என்பதே என் அச்சம். பழகியே தீரும் என நான் வாதிடவில்லை. வெல்ஸுக்கு மாறாகவே அது வேலை செய்தது.

விலக்கச் சொல்லவில்லை. தொழுகையும் குடும்பக் கடமையும் தவறாதவரை இது ஆகுமான பொழுதுபோக்கு என்றே விடை சொன்னேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: இடித்த வீட்டைச் செய்யாதீர், முதலில் வீட்டைச் செய்து, பிறகு இடியும். வாசல் எந்தப் பக்கம், பிள்ளைகள் எங்கே உறங்கினர், தண்ணீர்ப்பானை எங்கே இருந்தது என்பதை முடிவு செய்துவிட்டு அறுப்புக் கத்தியை எடும்.

வேலை இரட்டிப்பாகும் என்றார். தரையில் பொருள்கள் இருந்தால் சிப்பாய் நிற்க இடமிராது என்றும் சொன்னார். அளவுகோலை எடுத்து இருவரும் அளந்து பார்த்தோம். நிற்கின்ற சுவரின் மூலையில், பட்டாணி அளவில் மூன்று கற்களுக்கு இடம் இருந்தது.