கொடாததைக் கொள்ளாமை

களவு என்றவுடன் பூட்டை உடைக்கும் கள்வனே நம் நினைவுக்கு வருகின்றான். ஆயின் நம் ஆசாரியர்கள் களவுக்கு வகுத்த இலக்கணம் அதனினும் நுண்ணியது. உரியவர் கொடாத ஒன்றைக் கொள்ளுதல் யாதாயினும் அது களவே என்பது அவ்விலக்கணம். இல்லறத்தாராகிய நமக்கு விதிக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் கள்ளாமையும் ஒன்றன்றோ? அவ்விரதம் எவ்வளவு தொலைவு செல்கின்றது என்பதை அண்மையில் ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு உணர்த்திற்று.

மதுரையில் பயிலும் என் தமையனார் மகன், விடுமுறை நாள்களில் காமிராவும் கையுமாகக் குன்றுகளையும் கண்மாய்களையும் சுற்றி வருபவன். வனவுயிர் நிழற்படப் போட்டி ஒன்றின் விண்ணப்பத்தை அவன் என்னிடம் காட்டினான். அனுப்பப்படும் படங்கள் யாவும், பரிசு பெறினும் பெறாவிடினும், அமைப்பாளருக்கே உரியவை. எக்காலத்தும் எவ்வகையிலும் அவர்கள் அவற்றைப் பயன்படுத்தலாம். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று அதன் அடியில் பொடி எழுத்தில் கண்டிருந்தது.

"சித்தப்பா, இதில் கையொப்பம் இடலாமா?" என்று கேட்டான்.

ஒரு படந்தானே, போகட்டும் என்று சொல்ல என் நா எழுந்தது. மிகுபொருள் விரும்பாமையைப் போற்றும் நாம் ஒரு நிழற்படத்தின் உரிமைக்காக வாதிடுவது பற்று ஆகாதா என்றும் எண்ணினேன். எண்ணிப் பார்க்கையில் அது பிழையெனத் தெரிந்தது. தன் பொருளைத் தானே அறிந்து விடுவது துறவு. பிறர் பொருளைப் பொடி எழுத்தால் பறிப்பது வேறு. பற்றறுக்குமாறு பிறருக்கு உபதேசித்து, அவர் விட்டதைத் தான் எடுத்துக்கொள்பவனுடைய செயலை எந்த அறநூலும் ஒப்பாது.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலைக்குச் சென்றோர் அங்குள்ள கற்படுக்கைகளைக் கண்டிருப்பர். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி என்பான், கணிநந்தன் என்னும் துறவியார்க்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்ததை ஏறத்தாழ 2,200 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு அங்கு அறிவிக்கின்றது. அனைத்தும் துறந்த முனிவரும் கொடுத்ததையே கொண்டார். கொடுத்தவன் பெயரும் கல்லில் நின்றது. கொடுப்பவன் அறிந்து, மனம் உவந்து கொடுப்பதே கொடை. வேறு வழியின்றி இடப்படும் கையொப்பத்தைக் கொடையென்று கூற இயலுமா?

நாட்டின் சட்டமும் இவ்வகையில் அறத்தோடு ஓரளவு ஒத்துச் செல்கின்றது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி நிழற்படத்தின் ஆக்கியோன் அதனை எடுத்தவனே. உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்த பின்னரும், தானே ஆக்கியோன் எனக் கூறும் உரிமையை 57ஆம் பிரிவு அவனுக்கு வைத்துள்ளது. தில்லி விக்ஞான் பவனிலிருந்து அகற்றப்பட்டுச் சிதைந்த தம் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் இவ்வுரிமையை நிலைநாட்டிற்று.

நேர்மையான போட்டிகளும் உள்ளன. பதிப்புரிமை எடுத்தவரிடமே நிற்க, கண்காட்சிக்கும் போட்டி பற்றிய விளம்பரத்துக்கும் மட்டும் பெயருடன் படத்தைப் பயன்படுத்த அவை இசைவு கேட்கின்றன. அத்தகைய ஒன்றைத் தேடி அனுப்புமாறு கூறினேன். அவனும் மகிழ்ந்து, தன் படத்தைக் காட்டினான்.

பாறை விளிம்பில் வல்லூறு ஒன்று சிறகு விரித்துச் சீறும் காட்சி. அதன் பின்னே இடுக்கில் இரண்டு குஞ்சுகள் தெரிந்தன. வியந்து பாராட்டிய பின், "இவ்வளவு அருகில் எவ்வாறு எடுத்தாய்?" என்று கேட்டேன். அவன் முகம் மாறிற்று. பாறை மீது ஏறிக் கூட்டை நெருங்கியதையும், தாய்ப்பறவை அரை மணி நேரம் கதறிச் சுற்றியதையும் மறைக்காமல் கூறினான். பங்குனி வெயிலில் தாயின் நிழல் இன்றிக் குஞ்சுகள் கிடந்த அரை மணி அது.

அந்தப் பறவை அவனுக்கு என்ன கொடுத்தது? ஒன்றும் கொடுக்கவில்லை. அதற்கு விண்ணப்பத் தாளும் இல்லை, மறுக்கும் மொழியும் இல்லை. கதறல் ஒன்றே அதன் மறுப்பு. தன்னிடமிருந்து கொள்ளலாகாது என்று கேட்பவன், தான் பிற உயிரிடமிருந்து கொண்டதையும் எண்ண வேண்டாமா? இங்கே கள்ளாமையோடு கொல்லாமையும் சேர்ந்து நம்மை வினவுகின்றது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம் ஒன்று, அது பழக்கப்பட்ட விலங்காகவே இருத்தல் கூடும் என நடுவர் கருதியதால் 2010இல் நீக்கப்பட்டது. படத்தின் அழகு மட்டும் போதாது, அது வந்த வழியும் தூயதாதல் வேண்டும் என்பதை உலகமும் ஒப்புகின்றது.

2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதியில் வல்லூறும் ராசாளியும் தேவாங்கும் வாழ்கின்றன. நம் முனிவர் தவமிருந்த குகைகளும் அங்கேயே உள்ளன. அக்குன்றுகளை நாடிச் செல்லும் நம் பிள்ளைகள் காமிராவுடன் இவ்விரு விரதங்களையும் எடுத்துச் செல்வார்களாக.

அவன் அந்த வல்லூறுப் படத்தை அனுப்பவில்லை. கண்மாய்க் கரையில் தொலைவிலிருந்து எடுத்த நாரைப் படத்தை, நேர்மையான வேறொரு போட்டிக்கு அனுப்பினான். பரிசு கிட்டவில்லை. படம் அவன் பெயரிலேயே இருக்கின்றது.